கல்வெட்டுக் கோப்பும் மூன்று கொம்பியூட்டரும்: பேக்கப் போடும் முறை

கொக்குவிலில் சின்ன ஸ்டூடியோவும் தட்டச்சும் வைத்திருக்கிறேன். வருகிற வேலையில் பாதி கல்வெட்டு. யாழ்ப்பாணத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒருவர் காலமானால் 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு அவருடைய படம், வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவளி, தேவாரம் எல்லாம் சேர்த்து ஒரு சிறு புத்தகம் அடித்து வருகிறவர்களுக்குக் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். அதைத்தான் கல்வெட்டு என்கிறோம். நாள் பிந்தினால் அந்த வேலைக்குப் பெறுமதியே இல்லை.

2022 மார்ச் கடைசியில், ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நின்ற கிழமை, எங்கள் யூபிஎஸ் பற்றறியும் கைவிட்டது. கரண்ட் வந்து, போய், திரும்ப வந்ததில் கடைக் கொம்பியூட்டரின் ஹார்ட்டிஸ்க் செத்தது. உள்ளே 48 பக்கக் கல்வெட்டு. அந்தியேட்டிக்கு மூன்று நாள். கறையான் அரித்த பழைய படம் ஒன்றை நாலு நாள் இருந்து திருத்தி வைத்திருந்தேன், அதுவும் போனது. "அக்கா, அது உங்களிட்டை மட்டும்தானே கிடந்தது" என்று அந்த வீட்டுப் பெடியன் கேட்டான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். புரூஃப் தாள்கள் குப்பைக் கூடையில் கிடந்ததால், பக்கத்துக் கடை ஜெனரேட்டரில் வயர் இழுத்து இரண்டு இரவில் திரும்ப அடித்தேன். படத்தைத் திருத்த நேரம் இல்லை, அரித்தபடியே போட்டோம்.

அதற்குப் பிறகுதான் பேக்கப், அதாவது கோப்புகளை இன்னொரு இடத்திலும் பிரதி எடுத்து வைப்பது. கடையில் இருப்பது விண்டோஸ். மகளிடம் தம்பி கனடாவிலிருந்து அனுப்பிய மேக்புக். வீட்டில் ஒரு பழைய லப்டொப், அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட். மூன்றுக்கும் மூன்று விதம்.

விண்டோஸ்

விண்டோஸோடு வருகிற ஃபைல் ஹிஸ்டரி இருக்கத்தானே என்று கேட்பீர்கள். இருக்கிறது, கன்ட்ரோல் பனலுக்குள். ஆனால் அது டெஸ்க்டொப், டொக்கியூமன்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற வழக்கமான இடங்களைத்தான் தானாக எடுக்கும். எங்களைப் போன்றவர்கள் வேலை முழுவதையும் டி டிரைவில் வைத்திருப்போம். அதை லைப்ரரியில் சேர்க்காவிட்டால் அது அந்தப் பக்கம் திரும்பியும் பாராது. அதனால் நான் போட்டது டூப்ளிகாட்டி என்ற பேக்கப் மென்பொருள். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

அதன் சொந்தத் தளத்தில் இருந்து மட்டும் இறக்குங்கள். கூகிளில் மேலே வருகிற முதல் விளம்பரத்தை அமத்த வேண்டாம். ஸ்டேபிள் என்று போட்டிருப்பதை எடுங்கள். கனேரி என்பது செய்துபார்க்கிறவர்களுக்கு, கடைக்கு அல்ல. 64 பிட் எம்எஸ்ஐ கோப்பை இரண்டு தரம் அமத்தி, நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று போனால் முடிந்தது. பிறகு கீழே கடிகாரத்துக்குப் பக்கத்தில் அதன் அடையாளம் வரும். தனி ஜன்னல் திறக்கவில்லையே என்று தேட வேண்டாம், அது பிரவுசருக்குள்தான் திறக்கும். முகவரி லோக்கல்ஹோஸ்ட், போர்ட் 8200. பிரவுசரில் தெரிந்தாலும் அது உங்கள் கொம்பியூட்டருக்குள்தான் ஓடுகிறது. இன்டர்நெட் இல்லாமலும் வேலை செய்யும்.

ஆட் பேக்கப் அமத்தினால் ஐந்து படி. முதலில் பெயரும் பாஸ்பிரேஸும் (நீளமான பாஸ்வேர்ட்) கேட்கும். இங்கேதான் கனபேர் அவசரப்படுகிறார்கள். ஏஇஎஸ் 256 என்ற பூட்டுப் போட்டுத்தான் எல்லாவற்றையும் எழுதும், பாஸ்பிரேஸ் மறந்தால் அதைச் செய்தவர்களாலும் திறக்க முடியாது. நான் கடைக் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். தம்பியிடமும் ஒன்று இருக்கிறது. இரண்டாவது டெஸ்டினேஷன், அதாவது எங்கே போய்ச் சேர வேண்டும். யூஎஸ்பி ஹார்ட்டிஸ்க்கைக் கொழுவி அதில் ஒரு ஃபோல்டரைக் காட்டுங்கள். மூன்றாவது எதை எடுக்க வேண்டும். நான் டி டிரைவில் வேலை ஃபோல்டர் முழுவதையும், கூடவே சி டிரைவில் விண்டோஸுக்குள் இருக்கும் ஃபொன்ட்ஸ் ஃபோல்டரையும் காட்டினேன்.

ஃபொன்ட் ஏன்? எங்கள் பழைய கல்வெட்டு எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பக்கம் அமைக்கும் மென்பொருளில், பாமினி ஃபொன்ட்டில் அடித்தது. பாமினி யூனிகோட் (எல்லாக் கொம்பியூட்டருக்கும் பொதுவான எழுத்து முறை) அல்ல, ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்த ஃபொன்ட். கோப்பு பத்திரமாக வந்து பாமினி வராவிட்டால், அம்மாவின் பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்து கிடக்கும். உங்கள் பெயரில் மட்டும் போட்ட ஃபொன்ட் என்றால் அது அங்கே இராது, ஆப்டேட்டாவுக்குள் லோக்கல், மைக்ரோசொஃப்ட், விண்டோஸ், ஃபொன்ட்ஸ் என்று உள்ளே போய்ப் பாருங்கள். பேஜ்மேக்கரை நிறுவும் கோப்பையும் கூட எடுத்து வையுங்கள். 7ஆம் பதிப்போடு நின்றுபோன சாமான் அது, திரும்ப எங்கே வாங்குவது?

நாலாவது நேரம். நான் மத்தியானம் ஒரு மணிக்கு வைத்திருக்கிறேன், சாப்பிடப் போகிற நேரம். அந்த நேரம் பேஜ்மேக்கரை மூடிவிட்டுப் போங்கள், திறந்து கிடக்கிற கோப்பு சில வேளை எடுபடாது. ஐந்தாவதில் பழைய பிரதிகளை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்று கேட்கும், ஸ்மார்ட் என்று தொடங்குவதைத் தெரிவு செய்தால் போதும். கடைசி ஒரு கிழமைக்கு நாளுக்கு ஒன்று, நாலு கிழமைக்குக் கிழமைக்கு ஒன்று, 12 மாதத்துக்கு மாதத்துக்கு ஒன்று என்று அதுவே கழித்துக்கொள்ளும்.

முதல் தரம் ஓட நேரம் பிடிக்கும். எங்களுடையது ஒரு பின்னேரம் முழுக்க ஓடியது. அடுத்த நாளில் இருந்து மாறியதை மட்டும் எடுப்பதால் சோறு முடிய முதல் அது முடிந்துவிடும். முடிந்தவுடன் டிஸ்க்கைக் கழற்றுங்கள். நெடுகக் கொழுவிக் கிடந்தால் வைரஸ் கோப்புகளைப் பூட்டும்போது பேக்கப்பையும் சேர்த்துப் பூட்டும். ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலுக்கும் அது நல்லது.

இன்னொன்று: விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் 2025 அக்டோபர் 14உடன் ஆதரவை நிறுத்திவிட்டது. மாற வேண்டும் என்று இருப்பவர்கள், மாற முதல் பேக்கப்பைப் போடுங்கள்.

மேக்

இங்கே எதுவும் நிறுவத் தேவையில்லை, டைம் மெஷின் உள்ளேயே இருக்கிறது. சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், டைம் மெஷின், ஆட் பேக்கப் டிஸ்க். டிஸ்க்கின் கொள்ளளவு மேக்கினுடையதைப் போல இரண்டு மடங்கு இருக்கட்டும். முதல் 24 மணித்தியாலத்துக்கு மணிக்கு ஒன்று, ஒரு மாதத்துக்கு நாளுக்கு ஒன்று, அதற்கு முந்தியவை கிழமைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளும்.

விண்டோஸில் பாவித்த டிஸ்க்கைக் கொடுத்தால் அதை அழித்துவிட்டுத்தான் தன் முறையில் எழுதும். எழுத்தில் கேட்கவும் செய்யும். மகள் வாசிக்காமல் அமத்தினாள், அவளுடைய ஏ எல் பாடக்குறிப்பு வீடியோக்கள் முழுக்கப் போனது. மேக்குக்குப் புது டிஸ்க் ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஐகிளவுட் படங்களில் இடம் மிச்சம் பிடிக்கும் வசதி போட்டிருந்தால் மூலப்படம் மேக்கில் இராது, ஆகவே டைம் மெஷினிலும் வராது. அந்த வசதியை நிறுத்தி, மூலப்படங்களை இறக்கச் சொல்லுங்கள்.

லினக்ஸ்

மின்ட்டில் டைம்ஷிஃப்ட் என்று ஒன்று கூடவே வரும். நானும் அதைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன். அது லினக்ஸைக் காப்பாற்றும், உங்கள் கோப்புகளை அல்ல. வீட்டு ஃபோல்டரை அது தானாகவே விலக்கிவிடும். உங்கள் கோப்புகளுக்கு சொஃப்ட்வெயார் மனேஜரில் டேஜா டூப் என்று தேடி நிறுவுங்கள். எந்த ஃபோல்டர், எந்த டிஸ்க், எத்தனை நாளுக்கு ஒருக்கா என்று மட்டும்தான் கேட்கும். உபுண்டுவில் இதே சாமான் பேக்கப்ஸ் என்ற பெயரில் இருக்கும். அந்த லப்டொப்பில் டூப்ளிகாட்டியையும் டெப் கோப்பாக இறக்கிப் போட்டேன், ஏன் என்று பிறகு சொல்கிறேன். முந்தி அதற்கு மோனோ என்ற இன்னொன்றும் வேண்டியிருந்தது, இப்போது அந்தச் சோலி இல்லை.

வேறிடத்தில் ஒன்று

மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறிடத்தில். பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் படப்பிடிப்பாளர் பரப்பிய கணக்கு இது. எங்கள் வீட்டில் இது கொம்பியூட்டர் வர முந்தியே தெரிந்த விஷயம். 1995 அக்டோபர் 30 யுத்த இடப்பெயர்வில் அம்மா கலியாண அல்பத்தைப் பொலித்தீனால் சுற்றிக் கிணற்றடியில் தாட்டுவிட்டு வந்தார். திரும்பி வந்து கிண்டியபோது படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. இன்று சுவரில் தொங்குவது கொழும்பில் இருந்த சித்தப்பாவுக்கு அனுப்பிய பிரதி.

ஆகவே இரண்டாவது டிஸ்க் ஒன்று சாவகச்சேரியில் அக்கா வீட்டு அலுமாரியில். மாதம் ஒருக்கா போகும்போது கடையில் இருப்பதைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, அங்கே இருப்பதை எடுத்துவருவேன். கிளவுடுக்கு அனுப்ப விரும்பினால் டூப்ளிகாட்டியின் டெஸ்டினேஷனில் கூகிள் டிரைவும் இருக்கிறது. ஆனால் படங்களைப் பகலில் ஏற்றினால் டேட்டா பொதி இரண்டு நாளில் முடியும். உங்கள் பொதியில் இரவு டேட்டா இருந்தால் நேரத்தை நள்ளிரவுக்குப் பிறகு வையுங்கள்.

எடுத்துப் பார்ப்பது

டூப்ளிகாட்டி எழுதிய பேக்கப் டிஸ்க்கைத் திறந்து பார்த்தால் உங்கள் கோப்பின் பெயர் ஒன்றும் தெரியாது, பூட்டிய துண்டுகள்தான் இருக்கும். அதனால் எடுத்துப் பார்க்காமல் இருக்கிறது என்று நம்பக் கூடாது. லினக்ஸ் லப்டொப்பில் டூப்ளிகாட்டி போட்டது இதற்குத்தான்: கடைக் கொம்பியூட்டர் முழுக்கப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு, டிஸ்க்கை அதில் கொழுவி, ரிஸ்டோருக்குள் டைரக்ட் ரிஸ்டோர் என்பதைத் தெரிவு செய்து, கணக்குக் கொப்பியைப் பார்த்துப் பாஸ்பிரேஸை அடித்து, ஒரு பழைய கல்வெட்டையும் பாமினியையும் வெளியே எடுப்பேன். பிறகு அவற்றை பென் டிரைவில் கடைக்குக் கொண்டுவந்து, பேஜ்மேக்கரில் திறந்து, முதல் பக்கத்தில் பெயர் வடிவாகத் தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரிந்தால் டிஸ்க்கில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டரில் அன்றைய தேதியை எழுதிவிட்டுக் கடையைப் பூட்டுவேன்.