சொந்த செல்போனில் அலுவலகக் கணக்கு: அவசரத்தில் செய்யும் தவறுகள்

முந்தைய வேலையிலிருந்து விலகிய அன்று மாலை, பஸ்ஸில் வரும்போதே என் செல்போன் அணைந்து மறுபடி உயிர்பெற்றது. கடையில் வாங்கிய அன்றுபோல, மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி நின்றது. மகளின் முதல் பிறந்தநாள் படங்கள் அத்தனையும் போய்விட்டன. அழித்தது அலுவலகம். அதற்கான உரிமையைக் கொடுத்தது நான். வேலையில் சேர்ந்த நாளில் மின்னஞ்சலை இணைத்தபோது நிர்வாகி அனுமதி, அதாவது செல்போனைக் கட்டுப்படுத்தும் உரிமை, கேட்டு ஒரு திரை வந்தது. அதில் 'எல்லாத் தரவையும் அழிக்கலாம்' என்ற வரியும் இருந்தது. படிக்காமல் சம்மதித்தேன்.

அந்தத் திரையைப் படிக்காமல் விடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஆண்ட்ராய்டில் 2014 முதல் 'பணி சுயவிவரம்' என்ற வசதி இருக்கிறது. அலுவலகச் செயலிகள் சிறு கைப்பெட்டிச் சின்னத்தோடு தனியே நிற்கும். நிறுவனம் அழித்தாலும் அந்தப் பகுதி மட்டுமே போகும். அதைக் கேட்டு வாங்குங்கள். செல்போன் முழுவதும் தங்கள் பிடியில் வேண்டும் என்றால், அலுவலகமே ஒன்று வாங்கித் தரட்டும்.

நிறுவனம் எல்லாவற்றையும் பார்க்கிறது என்று அஞ்சுவதும் சரியல்ல. உதாரணமாக, நிறுவனங்கள் ஊழியர்களின் செல்போன்களை நிர்வகிக்கப் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்ட் இன்ட்யூன் வழியாக செல்போனின் மாடலும் இயங்குதளப் பதிப்பும் தெரியும். சொந்தப் படங்களும் அழைப்புப் பட்டியலும் தெரியாது. ஆனால் அலுவலகம் தரும் பாதுகாப்புச் சான்றிதழை நிறுவிவிட்டு அவர்களுடைய வைஃபையில் உலாவினால், பூட்டுச் சின்னம் உள்ள பக்கங்களைக்கூட அவர்களால் பிரித்துப் படிக்க முடியும். இதைப் பலர் கவனிப்பதே இல்லை.

வீட்டுக் கணினியின் குரோமில் அலுவலகக் கணக்கோடு நுழைந்து, வங்கிக் கடவுச்சொல்லை அதிலேயே சேமிப்பவர்கள் உண்டு. வேலை போனால் கணக்கு முடங்கும், கடவுச்சொல்லும் கைவிட்டுப் போகும். அலுவலக அரட்டையை அழித்துவிட்டால் தீர்ந்தது என்று நம்புவதும் வீண். அலுவலக மின்னஞ்சலையும் அரட்டையையும் நிறுவனத்துக்காகக் காத்துவைக்கும் கூகுள் வால்ட் போன்ற ஏற்பாடு இருந்தால், நீங்கள் அழித்ததும் அங்கே பத்திரமாக இருக்கும்.

சட்டம் காப்பாற்றும் என்று முழுவதும் சாய்ந்துவிடாதீர்கள். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7ஆவது பிரிவு, வேலைவாய்ப்பு சார்ந்த சில தேவைகளுக்குச் சம்மதம் இல்லாமலே தரவைக் கையாள முதலாளிக்கு இடம் தருகிறது.

விலகல் கடிதம் கொடுப்பதற்கு முன்பே சொந்தப் படங்களை வேறிடத்தில் சேமியுங்கள். அலுவலகக் கோப்புகளைத் தொடாதீர்கள், அவை அவர்களுடையவை. கடைசி நாளில் பணி சுயவிவரத்தை உங்கள் கையாலேயே நீக்குங்கள். நிர்வாகி அனுமதிப் பட்டியலையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.