தரங்கம்பாடிக்கு விருந்தாளியை அழைத்துப் போகிறவர்களுக்கு

பொறையாற்றில் வரலாற்று ஆசிரியையாக இருந்தேன். ஆண்டுக்கு ஒருமுறை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையாக நடத்தித் தரங்கம்பாடிக்குக் கூட்டிப்போவது என் பொறுப்பு. முதல் ஐந்தாறு ஆண்டுகள் அதை மிக மோசமாகச் செய்தேன். கோட்டை வாசலில் நிறுத்தி, "1620ஆம் ஆண்டு டேனிஷ்காரர்கள் இங்கே வந்தார்கள்" என்று தொடங்குவேன். பிள்ளைகள் மணலில் நண்டு வளை தேடிக்கொண்டிருப்பார்கள். ஒருமுறை கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "டீச்சர், அவர்களுக்கு இங்கே என்ன வேலை?"

என்னிடம் பதில் இல்லை. "வியாபாரம்" என்றேன். "எங்கள் ஊரில் என்ன விற்கும்?" என்றாள். அன்று இரவு வீட்டுக்குப் போய்ப் படிக்க உட்கார்ந்தேன். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் வெளியூரிலிருந்து யார் வந்தாலும் உறவுக்காரர்கள் என் தலையில்தான் கட்டுகிறார்கள். "அத்தை, நீங்கள் சொன்னால்தான் புரிகிறது" என்பார்கள். பாதி முகஸ்துதி, பாதி அவர்களுக்கு வெயிலில் அலைய முடியாது. எப்படியோ, பழைய இடம் ஒன்றை இன்னொருவருக்குச் சொல்லிக் காட்டும் வித்தையில் நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில், விருந்தாளி வருவதற்கு முன் நீங்கள் தனியாக ஒருமுறை போய்வாருங்கள், அதே நேரத்தில். மாலை நான்கு மணிக்கு அழைத்துப் போவதாக இருந்தால் நீங்களும் நான்கு மணிக்கே போங்கள். எந்தச் சுவர் நிழல் தருகிறது, எந்த இடத்தில் காற்று உங்கள் பேச்சைத் தின்றுவிடுகிறது, கோட்டை அருங்காட்சியகம் எந்த நாளில் மூடியிருக்கும் என்பதெல்லாம் புத்தகத்தில் கிடைக்காது. கடலோரத்தில் நின்று பேசும்போது காற்று உங்கள் முதுகில் பட வேண்டும், கேட்பவர்களின் முகத்தில் வெயில் படக்கூடாது. இந்த இரண்டையும் கவனிக்காத விளக்கம் எதுவும் காதில் ஏறாது.

போகும்போது வண்டியை ஊருக்குள் ஓட்டிவிடாதீர்கள். சாலையிலிருந்து ஊருக்குள் நுழையும் இடத்தில் வெள்ளை நிற நுழைவாயில் ஒன்று நிற்கிறது. 1792இல் கட்டியது, மேலே டேனிஷ் அரச முத்திரை இருக்கிறது. அதற்கு வெளியே இறங்கி நடந்து நுழையுங்கள். மதில் சூழ்ந்த ஊராக அது இருந்தது என்பதை வாயால் சொல்லத் தேவையே இல்லை, கால் சொல்லிவிடும்.

பெரும்பாலானோர் நேராகக் கோட்டைக்குப் போவார்கள். நான் போகமாட்டேன். கடலோரத்தில் இருக்கும் மாசிலாமணிநாதர் கோயிலில்தான் தொடங்குவேன். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306இல் எழுந்த கோயில் அது. கடல் அதன் முன்பகுதியை எப்போதோ தின்றுவிட்டது. எஞ்சியதைப் பழுதுபார்த்து வைத்திருக்கிறார்கள். விருந்தாளியைக் கோயிலுக்கும் அலைக்கும் நடுவே நிறுத்தி, "நீங்கள் நிற்கிற இடம் கோயிலுக்குள்ளா, வெளியிலா?" என்று கேட்பேன். அவர் கீழே பார்ப்பார், கடலைப் பார்ப்பார். அதன் பிறகு கோட்டையைத் திரும்பிப் பார்க்கச் சொல்லி, "அது வருவதற்கு 314 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே கோயிலும் ஊரும் இருந்தன" என்பேன். டேனிஷ்காரர்கள் ஆளில்லாத மணல்மேட்டில் வந்து இறங்கவில்லை என்பது அந்த ஒரு கழித்தல் கணக்கில் புரிந்துவிடும்.

ஆண்டுகளைப் பற்றி ஒன்று. நான்கு ஆண்டுகளுக்கு மேல் சொல்லாதீர்கள். தரங்கம்பாடிக்கு என் கணக்கில் 1306, 1620, 1706, 1845. மற்றவற்றை யாராவது கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் விழுங்கிவிடுங்கள். பிள்ளைகளுக்குக் கைவிரலில் எண்ணிக்காட்டுவேன்: பாண்டியன், டேனிஷ்காரன், பாதிரியார், வெள்ளைக்காரன். கட்டைவிரல் மிச்சமிருக்கும், அது 2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலையை இந்த ஊரில் யாரும் ஆண்டு சொல்லி நினைவுபடுத்த வேண்டியதில்லை.

இப்போது அந்தப் பெண் கேட்ட கேள்வி. அவர்களுக்கு இங்கே என்ன வேலை?

மிளகு. ஆனால் நம் பக்கத்தில் மிளகு விளைவதில்லை. அவர்கள் தேடிப் புறப்பட்டதும் இந்த ஊரை அல்ல, இலங்கையை. கோபன்ஹேகனிலிருந்து 1618இல் ஓவே கெட்டே என்ற இளைஞரின் தலைமையில் கப்பல்கள் கிளம்பின. இலங்கை வந்து சேர ஒன்றரை ஆண்டு ஆயிற்று. வழியிலேயே பாதிக்கு மேல் ஆட்கள் செத்துப்போனார்கள். வந்து பார்த்தால் கண்டி அரசரோடு எதிர்பார்த்த உடன்பாடு கைகூடவில்லை. இதற்கிடையில் முன்னால் அனுப்பிய ஒரு கப்பலைக் காரைக்கால் அருகே போர்த்துக்கீசியர்கள் அழித்துவிட்டார்கள். அதிலிருந்து தப்பிக் கரையேறிய ரோலண்ட் கிராப்பே என்ற வணிகரும் சில மாலுமிகளும் பிடிபட்டுத் தஞ்சைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கருக்கோ போர்த்துக்கீசியர் அல்லாத ஒரு வணிகக் கூட்டாளி வந்தால் நல்லது. கைதியாகப் போனவர் தூதராகிவிட்டார். 1620 நவம்பரில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று, கோட்டை எழுந்தது. நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தமிழில் பொன்தகட்டில் எழுதிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. நம் பக்கத்து நெசவுத் துணியைக் தென்கிழக்காசியத் தீவுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, அங்கே மிளகு வாங்கினார்கள். "எங்கள் ஊரில் என்ன விற்கும்?" என்ற கேள்விக்குப் பதில் துணி. அந்தப் பெண்ணுக்கு இதைச் சொல்ல எனக்கு ஓராண்டு ஆயிற்று. அப்போது அவள் ஒன்பதாம் வகுப்புக்குப் போயிருந்தாள்.

ஓர் இடத்தைப் பற்றிச் சொல்லும்போது "இது ஏன் இங்கே இருக்கிறது?" என்பதற்கான விடையை முதலில் தேடி வைத்துக்கொள்ளுங்கள். நீளம், அகலம், உயரம் எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

கோட்டைக்குள் நுழைந்ததும் அரசர்கள், ஆளுநர்கள் பெயர்களை அடுக்காதீர்கள். ஒரே ஓர் ஆளைத் தேர்ந்தெடுங்கள். நான் தேர்ந்தெடுப்பவரைப் பெரும்பாலோர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்: எஸ்கில்ட் ஆண்டர்சன் கொங்ஸ்பாக்க. 1640களில் டென்மார்க்குக்குப் பணமுடை. கப்பல் வருவது நின்றுபோயிற்று. ஓராண்டு இரண்டாண்டு அல்ல, கால் நூற்றாண்டுக்கு மேல். இருந்தவர்கள் செத்தும் ஓடியும் போக, 1655 வாக்கில் கோட்டையில் எஞ்சியது இவர் ஒருவர்தான். பெரிய குலத்தில் பிறந்தவர் இல்லை, சாதாரண ஆள். கொடியை ஏற்றிவைத்துக்கொண்டு, வங்காள விரிகுடாவில் போன கப்பல்களைப் பிடித்துச் சரக்கை விற்று, அந்தப் பணத்தில் ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். நாயக்கருக்குக் கட்டவேண்டிய கப்பம் பாக்கி, அதனால் முற்றுகை வேறு. 1669இல் ஒரு கப்பல் வந்தது. வந்தவர்கள் இவரையே தலைவராக நியமித்துவிட்டுப் போனார்கள்.

இதைக் கோட்டையின் மேல்தளத்தில், கடலைப் பார்த்தபடி சொல்லுங்கள். கீழே கிடங்குகளும் சமையல் கூடமும் சிறை அறையும் இருக்கின்றன, அவற்றையும் காட்டலாம்தான். ஆனால் கப்பல் வருகிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்த கடல் மேலே நின்றால்தான் தெரியும். அவரை வீரனாக்கவும் வேண்டாம். கப்பல் பிடித்து விற்றதை ஒளிக்காமல் சொன்னால் கேட்பவர்கள் இன்னும் அருகில் வருவார்கள். பிள்ளைகள் உடனே "அப்படியென்றால் கொள்ளைக்காரரா டீச்சர்?" என்று கேட்பார்கள். "நீங்களே சொல்லுங்கள்" என்று விட்டுவிடுவேன். அரைமணி நேரம் சண்டை போடுவார்கள். எனக்கும் கால் வலிக்கு ஓய்வு.

அடுத்து ராஜா வீதித் தேவாலயங்கள். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, விழுந்துவிடாதீர்கள். பள்ளத்தின் பெயர் "முதல்". சீயோன் தேவாலயம் 1701. இந்தியாவின் முதல் புரொட்டஸ்டன்ட் ஆலயம் என்று யாராவது சொல்வார்கள். சென்னைக் கோட்டையில் இருக்கும் புனித மேரி ஆலயம் 1680. தரங்கம்பாடி அச்சகம் இந்தியாவின் முதல் அச்சகம் என்பார்கள். கோவாவில் 1556இலேயே அச்சு வந்துவிட்டது. தமிழ் எழுத்தில் அச்சிட்ட நூலும் 1578இல் கொல்லத்தில் வெளிவந்துவிட்டது. நானே பல ஆண்டுகள் இந்த "முதல்" எல்லாவற்றையும் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லி, தேர்விலும் கேட்டு, மதிப்பெண்ணும் போட்டிருக்கிறேன். அந்தப் பாவம் என் கணக்கில்தான்.

அதனால் இப்போது எதைச் சொன்னாலும் மூன்றாகப் பிரித்துச் சொல்கிறேன்: கல் சொல்வது, தாள் சொல்வது, வாய் சொல்வது. ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். தரங்கம் என்றால் அலை, அலை பாடும் ஊர் என்பது வாய் சொல்வது. கேட்க இனிக்கிறது. கோயில் கல்வெட்டில் இருப்பதோ சடங்கன்பாடி, குலசேகரன்பட்டினம். வாய் சொல்வதைத் தள்ளிவிட வேண்டாம், அதுவும் ஊரின் சொத்துதான். "கல்லில் இப்படி இருக்கிறது, மக்கள் இப்படிச் சொல்கிறார்கள்" என்று இரண்டையும் வையுங்கள்.

1706இன் பாதிரியார் சீகன்பால்குவைப் பற்றிச் சொல்வதுதான் மிகக் கடினம். ஒருபக்கம் அவரைப் புனிதராகக் கும்பிடுகிறவர்கள், மறுபக்கம் மதம் மாற்ற வந்தவர் என்று முகம் சுளிக்கிறவர்கள். உங்கள் குழுவில் இருவரும் இருப்பார்கள். நான் அடைமொழி எதையும் சேர்ப்பதில்லை. அவர் கையால் என்னென்ன செய்தார் என்பதை மட்டும் வரிசையாகச் சொல்வேன்.

ஜெர்மனிக்காரர். டென்மார்க் அரசர் அனுப்பி 1706 ஜூலையில், இருபத்துநான்கு வயதை ஒட்டி இங்கே வந்து இறங்கினார். தமிழ் கற்க, வயதான திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைப் பிள்ளைகளோடு தன் வீட்டுக்கே வரவழைத்தார். தரையில் உட்கார்ந்து, பிள்ளைகளோடு பிள்ளையாக மணலில் விரலால் எழுத்து எழுதினார். இந்த இடத்தில் நானும் குனிந்து மணலில் "அ" எழுதிக் காட்டுவேன். கூட வந்தவர்களையும் எழுதச் சொல்வேன். பிறகு ஏட்டுச்சுவடிகளைத் தேடித் தேடி வாங்கினார். கொன்றைவேந்தனையும் உலகநீதியையும் 1708இல் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். அதே காலத்தில் இங்கிருந்த டேனிஷ் ஆளுநரோடு மோதி நான்கு மாதம் சிறையில் கிடந்தார். ஆக, கோட்டையும் தேவாலயமும் ஒரே கட்சி என்று நினைக்காதீர்கள். ஜெர்மனியில் வார்த்து அனுப்பிய தமிழ் அச்சு எழுத்துகள் அளவில் மிகப் பெரியவை, தாள் தாளாக விழுங்கின. சீஸ் பெட்டிகளின் ஈயத் தகட்டை உருக்கி இங்கேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது.

நம் தெய்வங்களைப் பற்றி 1713இல் ஒரு பெரிய நூல் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். புறச்சமயத்தை ஒழிக்க அனுப்பினால் அதை ஐரோப்பாவில் பரப்பவா பார்க்கிறாய் என்ற போக்கில் அங்கிருந்து பதில் வந்தது. நூல் அச்சேறவில்லை. 1867இல்தான், அதுவும் சென்னையில், வெளிவந்தது. அப்போது அவர் இறந்து 148 ஆண்டுகள். 1719இல், முப்பத்தாறு வயதில் போய்விட்டார்.

இதையெல்லாம் புதிய எருசலேம் ஆலயத்துக்கு வெளியே, மர நிழலில் சொல்லி முடித்துவிடுங்கள். உள்ளே அவர் கல்லறை இருக்கிறது. அங்கே பேசக்கூடாது. வழிபாடு நடக்கும் இடம் என்பது ஒரு காரணம். கேட்டதை அவரவர் மனத்தில் ஓட்டிப் பார்க்க இரண்டு நிமிடம் வேண்டும் என்பது இன்னொன்று. ஆலய முகப்பில் மேலே ஒரு கிரீடமும் எழுத்துகளும் தெரியும். அது டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக்கின் முத்திரை. வெளியே வந்ததும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

ஆளுநர் மாளிகை, பழைய வீடுகள் எல்லாம் நடக்கிற வழியில் விரலை நீட்டிக் காட்டினால் போதும். ஒவ்வொன்றின் முன்னும் நின்றால் விருந்தாளிக்குப் பசி வந்துவிடும். பசித்தவரிடம் வரலாறு பேசக்கூடாது.

1845ஐ மட்டும் மறக்காமல் சொல்லுங்கள். தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு டென்மார்க் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டது. பிறகு ரயில் நாகப்பட்டினத்துக்குப் போயிற்று, வியாபாரமும் அதன் பின்னால் போயிற்று. வீதி இவ்வளவு அமைதியாக இருப்பதற்குக் காரணம் அதுதான். விருந்தாளி "என்ன அமைதியான ஊர்!" என்று சொல்லும்வரை காத்திருந்து, அப்போது சொன்னால் சரியாகப் போய் ஒட்டிக்கொள்ளும்.

போன மாதம் தங்கை மகன் தன் நண்பர்களை அழைத்து வந்திருந்தான். எனக்கு முழங்கால் வலி, நுழைவாயிலிலேயே ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டு அவனையே சொல்லச் சொன்னேன். கிளம்பும்போது, "பெரியம்மா, எங்கிருந்து தொடங்கட்டும்?" என்றான். "கோயிலிலிருந்து தொடங்கு" என்றேன். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார்கள். நண்பர்களில் ஒருவனின் ஆள்காட்டி விரலில் ஈர மணல் ஒட்டியிருந்தது.