இன்டர்செப்டர் 650க்கு டர்போ: எந்த வேலை முதலில்?

இன்டர்செப்டர் 650 மோட்டார் சைக்கிளில் உள்ள ராயல் என்ஃபீல்டின் 650 ட்வின் (இரட்டை சிலிண்டர்) இன்ஜின், புகையால் சுழன்று காற்றை அமுக்கித் தள்ளும் டர்போவுக்குத் தோதானது. 648 சிசி, 9.5:1 கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் கலவை அமுங்கும் விகிதம்), கம்பெனியில் இருந்து வரும்போது 47 குதிரைத்திறன். ஜப்பானின் 660 சிசி கெய் ரகச் சின்னக் கார்கள் டர்போவோடு 64 குதிரைத்திறன் தருகின்றன; அந்த அளவு இன்ஜினுக்கான ஐஎச்ஐ ஆர்எச்பி31 டர்போ இதற்கும் சரியாக வரும். இலக்கையும் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்: 0.4 முதல் 0.5 பார் பூஸ்ட் (வெளிக்காற்றுக்கு மேல் கூடும் அழுத்தம்), 60 முதல் 65 குதிரைத்திறன். அதற்கு மேல் ஆசைப்பட்டால் பிஸ்டனில் கைவைக்க வேண்டிவரும்.

பலர் முதலில் டர்போவை வாங்கி, பெண்ட் பைப்பை (ஹெட்டிலிருந்து புகை வரும் குழாயை) வெல்டிங் செய்துவிட்டு, பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் ஆளும் கணினியான ஈசியூவைப் பற்றிக் கடைசியில் யோசிக்கிறார்கள். இந்த வரிசை தலைகீழ். ஈசியூ, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் முதலில்; ஆயில் லைன் அடுத்து; டர்போ கடைசி. டர்போ இல்லாமலே புது ஈசியூவில் வண்டி ஒழுங்காக ஸ்டார்ட் ஆகி, ஐடிலில் நின்று, ஓடிப் பழகியிருந்தால்தான் பின்னால் வரும் கோளாறு எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்க முடியும். அதற்கும் முன்னால் ஒரு கம்ப்ரெஷன் டெஸ்ட். இரண்டு சிலிண்டருக்கும் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

கம்பெனி ஈசியூ பூஸ்டுக்காகச் செய்யப்பட்டதல்ல. ஸ்பீடுயினோ போன்ற தனி ஈசியூவும் 2.5 பார் வரை படிக்கும் மேப் சென்சாரும் (உள்ளே போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது), பாஷ் எல்எஸ்யு 4.9 வைட்பேண்ட் சென்சாரும் (புகையை வைத்துக் காற்று-பெட்ரோல் விகிதத்தை அளப்பது) வேண்டும். 65 குதிரைத்திறனுக்கு ஒவ்வொரு இன்ஜெக்டரும் நிமிடத்துக்கு 260 சிசி ஊற்ற வேண்டும் என்று கணக்கு வரும், அதுவும் 80 சதவீத நேரம் திறந்திருந்தால். நம் பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) இன்னும் கொஞ்சம் அதிகமாகக் கேட்கும் என்பதால் 300 சிசி இன்ஜெக்டரே வாங்குங்கள். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பெட்ரோல் அழுத்தத்தைக் காக்கும் ரெகுலேட்டர் 3 பாரில் நிலையாக நின்றால், 0.5 பார் பூஸ்ட் எதிர்த்துத் தள்ளும்போது இன்ஜெக்டருக்கு மிஞ்சுவது 2.5 பார், பெட்ரோல் ஏறக்குறைய 9 சதவீதம் குறையும், அதுவும் அதிகம் தேவைப்படும் நேரத்தில். பூஸ்ட் குழாய் இணைக்கும் ரெகுலேட்டரை ரிட்டர்ன் லைனோடு போடுங்கள், இல்லையென்றால் ஈசியூவின் மேப்பிங்கிலேயே (பெட்ரோல் அளவு அட்டவணையிலேயே) அதை ஈடுகட்டுங்கள். இ20க்கு 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற பழைய கணக்கு ஒத்துவராது, லாம்டாவில் படியுங்கள் (1 என்றால் சரியான கலவை, அதற்குக் கீழே பெட்ரோல் அதிகம்). பூஸ்டில் 0.80 முதல் 0.82.

இக்னிஷனை 0.07 பார் பூஸ்டுக்கு 1 டிகிரி வீதம் பின்தள்ளுங்கள், 0.5 பாருக்கு 7 டிகிரி. பிளக் ஒரு படி குளிர்ந்த ரகம், இடைவெளி 0.6 மிமீ. இடைவெளி அகலமாக இருந்தால் பூஸ்டில் ஸ்பார்க் அணைந்து வண்டி திக்கும். பெட்ரோல் போதவில்லை என்று நினைத்து மேப்பைக் குழப்பிக்கொள்வது அங்கேதான்.

கம்ப்ரெஷனைக் குறைக்க ஹெட்டின் அடியில் 1 மிமீ தகடு வைத்தால் 8.5:1க்கு இறங்கும். ஆனால் ஸ்குவிஷ் (பிஸ்டன் மேலே வரும்போது கலவையை நடுவுக்குப் பிதுக்கும் குறுகிய இடைவெளி) போய்விடும், டைமிங் செயின் கணக்கும் மாறும். 0.4 பாரோடு நிற்பதாக இருந்தால் இன்ஜினைத் திறக்கவே வேண்டாம். வேறு காரணத்துக்காகத் திறந்தால் மட்டும் மேல் ரிங்கின் இடைவெளியை 0.35 முதல் 0.40 மிமீக்குள் பார்த்துக்கொள்ளுங்கள். சூட்டில் ரிங்கின் முனைகள் முட்டினால் பிஸ்டனின் ரிங் வரப்பு உடையும்.

டர்போ சாவது பெரும்பாலும் ஆயிலால்தான். ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் இடத்தில் டி இணைப்பு போட்டு ஸ்டீல் பின்னிய ஹோஸில் எடுங்கள். ஆர்எச்பி31 புஷ் பேரிங் வகை, ஆயில் வரத்தைக் குறைக்கும் 1.5 மிமீ துளை ரெஸ்ட்ரிக்டரில் தொடங்கலாம். போடுவதற்கு முன்னும் பின்னும், சூடான ஐடிலில் பிரஷரை கேஜ் வைத்து அளந்து பாருங்கள். பிரஷர் மிகவும் இறங்கியிருந்தால் துளையைச் சிறிதாக்குங்கள், இல்லையென்றால் கிராங்குக்கு ஆயில் பற்றாது. திரும்பும் குழாய் இன்னும் முக்கியம்: உள்விட்டம் 12 மிமீக்குக் குறையாமல், எங்கும் தொய்வு விழாமல் இறங்கி, ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். டர்போவை அழகுக்காகக் கீழே இறக்கி மாட்டினால் ஆயில் தேங்கி, சீலைத் தாண்டி, நீலப் புகையாக வரும். சீல் போய்விட்டது என்று டர்போவை மாற்றினாலும் அதே புகைதான் வரும். இடம் இல்லையென்றால் ஆயிலை உறிஞ்சித் திருப்பும் தனி ஸ்கேவெஞ்ச் பம்ப் தவிர வழியில்லை. ஆயில் 10டபிள்யூ-50, ஜாசோ எம்ஏ2 (ஆயிலில் நனையும் பைக் கிளட்சுக்கான தரம்) முத்திரையோடு. கார் டர்போ ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். 2,500 கிமீக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகச் சந்தையில் 1.3 லிட்டர் டீசல் கார்களின் டர்போ மலிவாகக் கிடைக்கும். அளவு பொருந்துவதுபோல் தெரிந்தாலும், டீசல் புகையைவிடப் பெட்ரோல் புகை மிகச் சூடு. ஹவுசிங் விரிசல் விடும். எந்தப் பழைய டர்போவாக இருந்தாலும் ஷாஃப்டை ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் ஆடினாலோ, இறக்கை ஹவுசிங்கில் உரசிய தடம் இருந்தாலோ வேண்டாம்.

பெண்ட் பைப் 2 மிமீக்குக் குறையாத 304 ஸ்டெயின்லெஸ், ஆர்கான் வெல்டிங். 300 மிமீ குழாய் 700 டிகிரி சூடேறினால் 3.6 மிமீ நீளும். எனவே டர்போவின் எடையைத் தாங்கும் பிராக்கெட்டின் போல்ட் துளை நீளவாக்கில் இருக்கட்டும். இறுக்கிக் கட்டினால் வெல்டிங் விரியும், கட்டாமல் விட்டால் ஹெட் ஸ்டட் தாங்காது. முன்னால் இருக்கும் ஆயில் கூலருக்குச் சூடு படாமல் இடையில் தகடு வையுங்கள்.

40 டிகிரி வெயிலில் 0.5 பாருக்கு அமுக்கிய காற்று 100 டிகிரியை நெருங்கும். அதைக் குளிர்விக்கும் சின்ன இன்டர்கூலர் போட்டால் நல்லது. காற்றுக் குழாய்களின் முனையில் வரப்பு வைத்து, டி-போல்ட் கிளாம்ப் போடுங்கள். கிராங்க்கேஸ் பிரீதரை (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் குழாயை) பூஸ்ட் பக்கம் இணைக்கவே கூடாது. ஆயில் சீல்கள் பிதுங்கும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் மொத்தக் குழாயையும் அடைத்து 0.5 பார் காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள்.

பூஸ்ட் மிஞ்சாமல் புகையைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட்டின் ஸ்பிரிங் எந்த அழுத்தத்தில் திறக்கிறதோ, அதற்குக் கீழே எந்த பூஸ்ட் கன்ட்ரோலரும் இறக்காது. காருக்கான ஸ்பிரிங் 0.4க்கு மேலேயே திறக்கலாம். கேஜ் உள்ள சைக்கிள் பம்பை, வேஸ்ட்கேட்டைத் திறக்கும் ஆக்சுவேட்டரில் இணைத்து, கம்பி நகரத் தொடங்கும் அழுத்தத்தைப் பாருங்கள். அதிகமாக இருந்தால் மென்மையான ஸ்பிரிங் போட வேண்டும். ஈசியூவில் 0.6 பாரில் பெட்ரோலை நிறுத்தும் வெட்டும் வையுங்கள்.

இந்த மாற்றம் பொதுச் சாலைக்கு ஆகாது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 தடுக்கிறது. 182ஏ(4)-ன்படி 6 மாதம் வரை சிறை, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இருங்காட்டுக்கோட்டை, கோவையின் கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற டிராக்குகளுக்கான வண்டி இது. கிளட்ச் ஸ்பிரிங்கையும் பிரேக் பேடையும் அதற்கு முன் மாற்றிவிடுங்கள்.

முதல் ஓட்டத்துக்கு முன் பிளக்கைக் கழற்றி, ஆயில் திரும்பும் குழாயில் வரும்வரை கிராங்க் செய்யுங்கள். 95 ஆக்டேன் பெட்ரோலில், அரை த்ராட்டிலில் 0.2 பார் வரை போய், வைட்பேண்ட் பதிவைப் பார்த்த பிறகே அடுத்த படி. நிறுத்தும்போது ஒரு நிமிடமாவது ஐடிலில் விடுங்கள், இல்லையென்றால் டர்போவுக்குள் ஆயில் கருகும். காற்றால் குளிரும் இன்ஜினின் சத்தத்தில் நாக்கிங் (பெட்ரோல் தாறுமாறாக வெடிக்கும் தட்டல்) காதில் விழாது. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பிளக்கின் பீங்கானை லென்ஸில் பாருங்கள். மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகளோ, பளபளக்கும் அலுமினியப் பொட்டுகளோ தெரிந்தால் அன்றைய ஓட்டம் அவ்வளவுதான். இக்னிஷனை 2 டிகிரி குறைத்து, பூஸ்டில் லாம்டா 0.82க்கு மேல் போன இடத்தைப் பதிவில் தேடுங்கள்.