செவ்வரத்தம்பூ போனில வெறும் சிவப்புத் திட்டா வராமலிருக்க நான் செய்தது

எங்கட கிணத்தடி செவ்வரத்தையை போனில எடுத்தா இதழில நரம்பு, மடிப்பு ஒண்டும் தெரியாது, ஒரே சிவப்புத் திட்டுத்தான். சுத்தியிருக்கிற கரும்பச்சை இலையைப் பாத்து கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிட, சிவப்பு மட்டும் முதலே நிரம்பிப்போகுது, பிறகு என்ன எடிட் பண்ணியும் அந்த விபரம் திரும்ப வராது. அதால இப்ப பூவில விரலை வச்சு அழுத்தி ஃபோகஸை லொக் பண்ணிப்போட்டு, பக்கத்தில வாற சூரியன் அடையாளத்தை கீழ இழுத்து நல்லாக் குறைக்கிறன், ஸ்கிரீனில கொஞ்சம் இருட்டாத்தான் தெரியும், பரவாயில்லை, நரம்பெல்லாம் அவ்வளவு வடிவா வருது!

மத்தியான வெயிலெண்டா ஆரையும் ஒரு வெள்ளைச் சீலையை மேல பிடிக்கச் சொல்லுங்கோ, வெளிச்சம் மெத்தெண்டு பரவும். காலமை வெள்ளன எண்டா அதுவும் தேவையில்லை, காத்தும் குறைவு. செவ்வரத்தை அநேகமா ஒரு நாள் பூ, பின்னேரம் சுருங்கிப்போகும், அதால காலமைதான் எடுக்கோணும்.

இன்னொண்டு, நடுவில தண்டு நீட்டிக்கொண்டு நிக்கிறதால நேர முன்னால கிட்டப்போய் எடுத்தா தண்டும் இதழும் ஒண்டாத் தெளிவா வராது. கொஞ்சம் தள்ளி நிண்டு, 2 மடங்கு சூம் வச்சு பக்கவாட்டில எடுங்கோ. நந்தியாவட்டை மாதிரி வெள்ளைப் பூவுக்கும் வெளிச்சத்தைக் குறைக்கிறது சரிவரும்.