ஏசி பிரஷர் சுவிட்ச்: கேஸை இறக்காமலே மாற்றலாம்

சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்று) புதுப்பித்து ஓட்டும் பழைய காரில், கேஸ் அழுத்தத்தைப் பார்த்து கம்ப்ரசரை நிறுத்தும் ஏசி பிரஷர் சுவிட்சை மாற்றும் முன், அதன் அடியில் வால்வு இருக்கிறதா என்று ஒர்க்‌ஷாப்பில் கேளுங்கள். பல கார்களில் அங்கே, டயரில் காற்றடிக்கும் இடத்தில் இருப்பது போன்ற ஊசி வால்வு உண்டு. சுவிட்சைக் கழற்றும்போது லேசாகச் சீறிவிட்டுத் தானே மூடிக்கொள்ளும். கேஸை இறக்கி, வேக்குவம் போட்டு (உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து), மறுபடி நிரப்பும் செலவு மிச்சம். கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் மட்டும் புதியதாக, கம்ப்ரசர் எண்ணெய் தடவிப் போடச் சொல்லுங்கள்.

வால்வு இல்லாத வண்டியில் இது நடக்காது; கேஸ் முழுவதையும் மெஷினில் எடுத்த பிறகே கை வைக்க வேண்டும். அப்புறம், கேஸ் குறைந்தாலும் சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்தும், அதன் வேலையே அதுதான். முதலில் கேஜ் வைத்து கேஸ் அழுத்தத்தைப் பாருங்கள். கசிவு இருந்தால் புது சுவிட்ச் வீண் செலவு.