உதட்டைத் திருத்துமுன் முகத்தை அளந்து பாருங்கள்: எந்தச் சிகிச்சை யாருக்குப் பொருந்தும்?

உதடு மெல்லியதாக இருக்கிறது, ஏதாவது செய்துகொள்ளலாமா என்று யோசிப்பவர்கள், குறை உண்மையில் உதட்டில்தான் இருக்கிறதா என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். உள்வாங்கிய மோவாய், முன்தள்ளிய பற்கள், மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே நீண்டுவிட்ட தோல், உதட்டின் கருமை ஆகிய நான்கும் கண்ணாடியில் பார்க்கும்போது உதட்டின் வடிவக் குறையாகவே தோன்றக்கூடும். நான்குக்கும் சிகிச்சை வேறு வேறு. இதைப் பிரித்தறியாமல் நேராக ஊசிக்குப் போனால், பணம் செலவான பிறகும் முகம் பொருந்தாமலே இருக்கும்.

வீட்டிலேயே அளந்து பார்ப்பது

செல்ஃபியை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம். கைக்கெட்டும் தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கு உள்ளதைவிடப் பெரிதாகவும் முகத்தின் ஓரங்கள் ஒடுங்கியும் விழும். வேறொருவரை ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லி, பகல் வெளிச்சத்தில், ஃபில்டர் எதுவும் இல்லாமல், உதட்டைத் தளர்வாக வைத்து நேராக ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றும், பல் தெரியச் சிரித்து ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நேர்ப்படத்தில் ஓர் அளவுகோலை வைத்து, மூக்கின் அடியிலிருந்து இரு உதடுகளும் சேரும் கோடு வரையிலும், அந்தக் கோட்டிலிருந்து மோவாயின் அடி வரையிலும் அளந்து பாருங்கள். முதல் பகுதி ஒரு பங்கு என்றால் இரண்டாவது ஏறக்குறைய இரண்டு பங்கு இருப்பது வழக்கமான அமைப்பு. முதல் பகுதி அதைவிட நீண்டு, உதட்டின் சிவந்த பகுதி மட்டும் மெல்லியதாக இருந்தால், நீண்டிருப்பது மூக்கடித் தோல் என்று கொள்ளலாம். இரண்டாம் பகுதி குட்டையாக இருந்தால் மோவாயைக் கவனிக்க வேண்டும்.

பக்கவாட்டுப் படத்தில் மூக்கு நுனியையும் மோவாய் நுனியையும் ஒரு நேர்கோட்டால் இணைத்துப் பாருங்கள். இது அமெரிக்கப் பல்சீரமைப்பு மருத்துவர் ராபர்ட் ரிக்கெட்ஸ் வகுத்த கோடு. வெள்ளையரின் முகங்களை அடிப்படையாகக் கொண்டு, மேலுதடு இந்தக் கோட்டுக்கு 4 மில்லிமீட்டரும் கீழுதடு 2 மில்லிமீட்டரும் உள்ளே இருக்க வேண்டும் என்று சொல்லப்பட்டது. நம் முகங்களில் உதடு இந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டோ சற்று வெளியிலோ நிற்பது இயல்பு. அதைக் குறையென்று எண்ணிக் கவலைப்பட வேண்டியதில்லை. மேலுதடும் கீழுதடும் 1-க்கு 1.6 என்ற விகிதத்தில் இருந்தால்தான் அழகு என்று விளம்பரங்களில் சொல்லப்படுவதையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். இரண்டு உதடும் கிட்டத்தட்ட ஒரே பருமனில் அமைந்த முகங்கள் நம்மிடையே ஏராளம். அவற்றை அந்த விகிதத்துக்குள் திணிக்கப்போனால் கீழுதடு மட்டும் தொங்குவதுபோல் ஆகிவிடும்.

அளவைப் பார்த்தபின் சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பது

மோவாய் உள்வாங்கியிருப்பவர்களுக்கு உதடு முன்னால் துருத்திக்கொண்டு இருப்பதுபோல் தெரியும். இவர்கள் உதட்டை மேலும் பருமனாக்கினால் ஏற்றத்தாழ்வு கூடத்தான் செய்யும். மோவாயில் ஃபில்லர் (பருமன் கூட்டத் தோலுக்கடியில் ஊசியால் செலுத்தும் பொருள்) வைத்தோ அறுவை சிகிச்சை செய்தோ அதைச் சற்று முன்கொண்டுவந்தால், உதட்டைத் தொடாமலே முகம் சீராகத் தோன்றலாம்.

உதட்டுக்கு உள்ளிருந்து தாங்கல் கொடுப்பவை பற்கள். முன்பல் தள்ளியிருப்பவர்கள் பல்சீரமைப்பு மருத்துவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்; கிளிப் போட்டுப் பல் உள்ளே போகும்போது உதடும் கூடவே உள்ளே போகும் என்பதால், அதற்கு முன்பே உதட்டில் செய்யும் எந்த மாற்றமும் பிறகு கணக்குத் தவறிப்போகும். வயதானவர்களில் முன்பற்களை இழந்து உதடு உள்ளே மடிந்துபோனவர்களுக்கு, நன்றாகப் பொருந்தும் பல்செட்டு செய்யும் வேலையை எந்த ஊசியும் செய்யாது.

மூக்கடித் தோல் நீண்டிருப்பவர்களுக்கு ஃபில்லரை ஏற்ற ஏற்ற உதடு மேலே உயராமல் முன்னால் தள்ளும். வாத்தின் அலகு என்று கேலி செய்யப்படும் தோற்றம் பெரும்பாலும் இப்படித்தான் உண்டாகிறது. இவர்களுக்குப் பொருத்தமானது லிப் லிஃப்ட் எனப்படும் அறுவை சிகிச்சை. மூக்கின் அடிவிளிம்பை ஒட்டி ஒரு கீற்றுத் தோலை எடுத்துவிட்டுத் தையல் போடுவார்கள். பலன் நிரந்தரமானது, தழும்பும் அப்படியே. காது குத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ தழும்பு தடித்து வளர்ந்த அனுபவம் உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். முகத்தின் நடுவில் அத்தகைய தழும்பு வந்தால் மறைக்க இடமில்லை.

சாதாரணமாகப் பார்க்கும்போது நன்றாக இருந்து, சிரிக்கும்போது மட்டும் மேலுதடு உள்ளே சுருண்டு மறைந்துவிடுபவர்கள் லிப் ஃபிளிப் முறையைப் பரிசீலிக்கலாம். மேலுதட்டின் விளிம்பில் மிகக் குறைந்த அளவு போடாக்ஸ் செலுத்தி வாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்துவதே இது. பருமன் அதிகரிக்காது, விளிம்பு சற்று வெளிப்புறம் மலரும். இரண்டு, மூன்று மாதங்களில் பலன் மறைந்துவிடும். அதுவரை ஸ்ட்ராவில் உறிஞ்சுவதும் விசிலடிப்பதும் சிலருக்குச் சிரமமாக இருக்கும். நாகசுவரமோ புல்லாங்குழலோ வாசிப்பவர்கள் இந்தப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

நிறம்தான் குறை என்றால் அது முற்றிலும் வேறு வழக்கு. பிறவியிலேயே உதடு கருமையாக இருப்பது நோயல்ல. பிற்பாடு கருத்திருந்தால், புகைப்பழக்கம், உதட்டை நக்கும் பழக்கம், லிப்ஸ்டிக் அல்லது பற்பசை ஒவ்வாமை ஆகியவற்றைத் தோல் மருத்துவர் முதலில் விசாரிப்பார். பார்லர்களில் செய்யப்படும் உதட்டு நிறமி குத்தலில், கருத்த உதட்டின் மேல் அட்டையில் காட்டிய நிறம் அப்படியே வருவதில்லை. உதடு அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கிறது என்பவர்களுக்குச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சையும் உண்டு. தையல் வாயின் உட்புறத்தில் அமைவதால் தழும்பு வெளியே தெரிவது குறைவு.

இவை எதுவும் இல்லை, உதட்டின் பருமன்தான் குறைவு அல்லது ஒரு பக்கம் மட்டும் சிறியது என்று உறுதியான பிறகே ஃபில்லர் பற்றிப் பேச வேண்டும். ஹயலூரோனிக் அமில ஃபில்லரையே நான் பரிந்துரைப்பேன். காரணம், பிடிக்கவில்லை என்றாலும் சிக்கல் வந்தாலும் ஹயலூரோனிடேஸ் என்ற நொதியைச் செலுத்தி அதைக் கரைத்துவிட முடியும். உதட்டைப் பருமனாக்க, இவ்வகை ஃபில்லர்களில் ஒன்றான ரெஸ்டிலேனுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2011-இல் அனுமதி அளித்தபோது, 21 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்ற வரம்பையும் வைத்தது. ஒரு சிரிஞ்சு 1 மில்லிலிட்டர், அதாவது ஒரு தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கு. முதல்முறை அதில் பாதி போதும். வீக்கம் அடங்கி உண்மையான வடிவம் தெரிய இரண்டு வாரம் ஆகும் என்பதால், தேவைப்பட்டால் அதன் பிறகு கூட்டிக்கொள்ளலாம். பலன் பொதுவாக ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை நிற்கும். ஆகவே ஒரு சிரிஞ்சின் விலையைப் பார்க்காமல், மூன்றாண்டுச் செலவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முகூர்த்தத்துக்கு ஒரு மாதத்துக்குள் இதைச் செய்துகொள்வது வீண் பதற்றம்.

சொந்தக் கொழுப்பை எடுத்து வைக்கும் முறையில் எவ்வளவு தங்கும், எவ்வளவு கரையும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. உதட்டுக்குள் வைக்கும் இம்பிளாண்ட், ஓயாமல் அசையும் இடம் என்பதால் நகர்ந்துவிடலாம். திரவ சிலிகான் ஊசியை யார் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் மறுத்துவிடுங்கள். உள்ளே போனதை முழுதாக வெளியே எடுக்க வழியில்லை. ஊசியின்றி அழுத்தத்தால் ஃபில்லரைச் செலுத்தும் பேனாக்களை உதட்டில் பயன்படுத்த வேண்டாம் என்று அதே அமெரிக்க நிர்வாகம் 2021-இல் எச்சரித்தது.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

தோல் மருத்துவத்திலோ பிளாஸ்டிக் அறுவையிலோ பட்டமேற்படிப்பு முடித்து, மாநில மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். அதன்பின் கேட்க வேண்டிய கேள்விகளில் முதன்மையானது, ஹயலூரோனிடேஸ் இப்போது இங்கே கையிருப்பில் இருக்கிறதா என்பது. வேண்டுமானால் வரவழைத்துக்கொள்ளலாம் என்ற பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம். ஏனெனில் உதட்டுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனிக்குள் ஃபில்லர் புகுந்து அடைத்துக்கொண்டால், அதைக் கரைப்பதில் தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் திசு அழுகும் அபாயத்தைக் கூட்டும். ஃபில்லர் பெட்டியை உங்கள் கண்ணெதிரே பிரித்து, பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் உள்ள ஸ்டிக்கரை உங்கள் சீட்டில் ஒட்டித்தரச் சொல்லுங்கள்.

நீங்களும் சிலவற்றை மறைக்கக் கூடாது. அக்கி வகைக் கொப்புளம் முன்பு உதட்டில் வந்திருந்தால் ஊசி அதை மீண்டும் கிளப்பிவிடலாம். முன்கூட்டியே மாத்திரை தருவார்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், அதை எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் தாங்களாக நிறுத்த வேண்டாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தள்ளிப்போடுவதே முறை.

வீடு திரும்பியபின் வீக்கமும் சிறு கன்றலும் இரண்டு, மூன்று நாள் இருப்பது இயல்பு. ஆனால் வலி கூடிக்கொண்டே போவது, உதடோ மூக்கடியோ வெளிறிப்போவது, தோலில் வலைபோல ஊதாநிறக் கோடுகள் படர்வது, விரலால் அழுத்தி எடுத்த இடத்தில் இரண்டு மூன்று நொடிகளில் நிறம் திரும்பாமல் இருப்பது ஆகியவை ரத்த ஓட்டம் தடைப்பட்டதன் அறிகுறிகள். பார்வை மங்கினால் அது அதைவிட அவசரம். ஐஸ் வைத்துப் பார்ப்போம், காலையில் போவோம் என்று காத்திராமல், இரவு எத்தனை மணியானாலும் ஊசி போட்ட மருத்துவரை அழைக்க வேண்டும். அவர் கிடைக்காவிட்டால் நேராகப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், என்ன ஃபில்லர் எப்போது போடப்பட்டது என்பதை அந்தச் சீட்டைக் காட்டிச் சொல்லுங்கள்.