தென்னந்தோப்புல கேரவன் பார்க் போடப் போறீங்களா, மண்ணுல இருந்து ஆரம்பிங்க

பாலக்காடு ஜில்லா சித்தூர் தாலுக்கால கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம் தோட்டம் வெச்சிருக்கறவங்க இப்ப அடிக்கடி கேக்கறது, தேங்கா விலைய மட்டும் நம்பி இருக்க முடியலைங்க, ஒரு ஏக்கரா சும்மா கெடக்குது, அதுல கேரவன் பார்க் போட்டா ஓடுமான்னு. படுக்கை, சமையல், கக்கூஸ்னு வீடு மாதிரி கட்டுன வண்டிதான் கேரவன், அது ராத்திரி வந்து நின்னு கரண்டும் தண்ணியும் எடுத்துக்கற எடந்தான் கேரவன் பார்க். இடம் நல்ல இடந்தான். ஒரு பக்கம் மலம்புழா, இன்னொரு பக்கம் கொல்லங்கோடு நெல்லியாம்பதி, பரம்பிக்குளம் கேரளா காடா இருந்தாலும் வண்டி போற ரோடு நம்ம ஆனைமலை சேத்துமடை வழியாத்தான், இதெல்லாம் சுத்தறவங்களுக்கு நடுவுல ராத்திரி தங்க ஒரு இடம் வேணும். ஆனா ஆரம்பிக்கறவங்க பாதிப்பேர் மொத காசை ஆர்ச்சுக்கும் ஊஞ்சலுக்கும் சீரியல் லைட்டுக்கும் போட்டுட்டு மழை வந்ததும் டிராக்டர் கட்டி வண்டிய இழுத்துட்டு நிக்கறாங்க. காசுல முக்கால்வாசி மண்ணுக்கு அடியில போகணும், கண்ணுக்குத் தெரியற வேலையெல்லாம் கடைசில பாத்துக்கலாம்.

ஜேசிபிக்கு சொல்றதுக்கு முன்னாடி வில்லேஜ் ஆபீஸ் போங்க. கேரளா டூரிசம் 2021ல கேரவன் பாலிசி கொண்டு வந்தாங்க, அதுப்படி பார்க்குக்கு குறைஞ்சது 50 சென்ட் இடமும் 5 வண்டி நிக்கற வசதியும் வேணும், அதனால ஒரு ஏக்கரா இருந்தா தாராளம். சிக்கல் அளவுல இல்ல, ரெக்கார்டுல. நெல்வயல் சதுப்புநில சட்டம் 2008ல வந்துச்சு, உங்க சர்வே நம்பர் டேட்டா பேங்க்ல (அந்த சட்டப்படி வயலை எல்லாம் எழுதி வெச்சிருக்கற கவர்மென்ட் பட்டியல்) வயல்னு ஏறியிருந்தா அங்க ஒரு லோடு மண்ணு கொட்டறதும் குத்தம். எங்க அப்பிச்சி காலத்துல இருந்து தென்னை தாங்க நிக்குதுன்னு சொன்னா கேக்க மாட்டாங்க, ஃபார்ம் 5 போட்டு ரெவின்யூ ஆர்டிஓ (வண்டி ஆர்டிஓ இல்லைங்க) இல்லைன்னா அந்த அதிகாரம் இருக்கற டெபுட்டி கலெக்டர் கிட்ட டேட்டா பேங்க்ல இருந்து எடுக்க சொல்லணும், இது மாசக்கணக்குல இழுக்கற வேலை. அது முடியற வரைக்கும் அட்வான்ஸ் கூட யாருக்கும் குடுக்காதீங்க. அதே மாதிரி கிராவல் லோடுக்கு மைனிங் ஜியாலஜி டிபார்ட்மென்ட் பாஸ் வேணும், பாஸ் இல்லாம ராத்திரில பார்டர் தாண்டி இறக்கித் தர்றேன்னு எவனாச்சும் வந்தா கையெடுத்து கும்புட்டு அனுப்பிருங்க. பஞ்சாயத்துல லைசென்ஸ், கட்டடம் எதாச்சும் கட்டுனா அதுக்கு பெர்மிட், இதுக்கெல்லாம் ஒரு லைசென்ஸ்டு சூப்பர்வைசரை வெச்சு பிளான் போட்டுக் குடுத்துருங்க, நீங்களே அலைஞ்சா தீராது.

அடுத்தது தடம். மெயின் ரோட்டுல இருந்து தோட்டத்துக்கு இட்டேரியில (ரெண்டு பக்கமும் வேலி இருக்கற குறுகலான தடம்) தான் போகணும்னா அதுதான் உங்க மொத பிரச்சனை. கேரவன்னு வர்றதுல பாதி டிராவலர் வண்டிய மாத்தி கட்டுனது, அது எப்படியும் நுழைஞ்சுரும், ஆனா பஸ் சேஸில கட்டுன பெரிய வண்டியும் வரும், அதுக்கு அகலம் எட்டடிக்கு மேல, மேல ஏசி வெச்சிருந்தா உயரம் 11 அடிய தாண்டும். கேட்டு 12 அடி போட்டா நேரா வந்தா நுழையும், ரோட்டுல இருந்து திரும்பி வந்தா பின்பக்கம் தூண்ல உரசும், அதனால 18 அடிக்கு குறையாம போடுங்க, கேட்டை ரோட்டு ஓரத்துலயே வெக்காம ஒரு வண்டி நீளம் உள்ள தள்ளி வைங்க, இல்லைன்னா வாட்ச்மேன் வந்து தொறக்கற வரைக்கும் வண்டி நடுரோட்டுல நிக்கும். உள்ள ஒரு பக்கம் நுழைஞ்சு சுத்தி மறுபக்கம் வெளிய வர்ற மாதிரி ஒருவழி தடமா போட்டா 12 அடி அகலம் போதும், ரிவர்ஸ் எடுக்கற வேலையே குறைஞ்சுரும்.

உயரத்துக்கு ஒரு சுலபமான வழி இருக்கு, 13 அடி நீளத்துல காஞ்ச மூங்கில் ஒண்ணு வெட்டி நட்டமா புடிச்சுட்டு தடம் பூரா நடங்க, எந்த கிளை தட்டுதோ அதை வெட்டணும். கரண்டு கம்பிக்குக் கீழ மட்டும் மூங்கிலை தூக்கிட்டு போயிராதீங்க, அங்க லைன்மேனை கூப்புட்டு அளக்க சொல்லுங்க. ரோட்டுக்கு குறுக்க போற எல்டி லைன் (வீட்டுக்கும் மோட்டாருக்கும் வர்ற சாதா கரண்டு கம்பி) 5.8 மீட்டராவது இருக்கணும்னு விதி, ஆனா நம்ம மோட்டார் சாளைக்கு போற சர்வீஸ் ஒயர் நாலஞ்சு வருசத்துல தொங்கி கை எட்டற மாதிரி ஆயிருக்கும், அதைத்தான் மொதல்ல பாக்கணும்.

இனி மண்ணு. நம்ம கிழக்கு பக்கம் பல தோட்டத்துல கரிசல் தான், செம்மண்ணு இருக்கறவங்க இந்த பத்திய தாண்டிப் போயிரலாம், குடுத்து வெச்சவங்க. கரிசல் பங்குனில கை நுழையற அளவுக்கு வெடிக்கும், ஐப்பசில அதே மண்ணு ஊதிப்போய் டயருல ஒட்டிட்டு வரும், இந்த ஊதறதும் சுருங்கறதும் தான் மேல என்ன போட்டாலும் ஒடைக்கற காரணம். அது மேல நேரா காங்கிரீட் போடறது காசை கிணத்துல போடறது. வண்டி நிக்கற ஒவ்வொரு தளத்துக்கும் 40 அடி நீளம் 15 அடி அகலம் குறிச்சுட்டு ஒண்ணரை அடி கரிசலை வழிச்சு எடுங்க (அந்த மண்ண தூக்கிப் போடாதீங்க, தென்னை பாத்திக்கு போடுங்க), அடியில ஜியோ டெக்ஸ்டைல் துணி விரிங்க, அதுக்கு மேல கிராவலை ஒரேயடியா கொட்டாம அரை அரை அடியா போட்டு தண்ணி தெளிச்சு ரோலர் ஓட்டுங்க, கடைசில ஜல்லி, அதுக்கு மேல குவாரி டஸ்ட். துணி வேஸ்டுன்னு மேஸ்திரி சொல்லுவாரு. அது இல்லைன்னா கனமான வண்டி நின்னு நின்னு ஜல்லி கரிசலுக்குள்ள இறங்கிட்டே இருக்கும், வருசா வருசம் ஜல்லி போட்டுட்டே இருக்கணும், அதனால இந்த விசயத்துல அவரு பேச்சை கேக்காதீங்க.

தளம் பாக்க மட்டமா இருக்கணும், ஆனா 15 அடி அகலத்துக்கு ஒரு பக்கம் 2 இன்ச் இறங்கணும், அப்பதான் தண்ணி நிக்காது. அதுக்கு மேல சாஞ்சா படுக்கற ஆளு உருண்டு வந்துருவாரு, கேஸ்ல ஓடற சில கேரவன் ஃபிரிட்ஜும் சரியா கூலிங் ஆகாது. டியூப்ல தண்ணி விட்டு மட்டம் பாக்கற கொத்தனாரு இன்னும் ஊருக்கு ஒருத்தராச்சும் இருக்காரு, அவரை கூப்புடுங்க. தளத்துக்கு ரெண்டு பக்கமும் வாய்க்கா எடுத்து ஓடையிலயோ பண்ணைக் குட்டையிலயோ விடுங்க, பக்கத்து தோட்டத்துக்காரரு பொழியில (எல்லை வரப்புல) மட்டும் விட்டுராதீங்க, கேரவன் பார்க்கை மூடறதுக்கு அந்த ஒரு சண்டை போதும். முடிஞ்சா ஒரு மழைக்காலம் பூரா தண்ணி எங்க நிக்குது எங்க ஓடுதுன்னு சும்மா பாத்துட்டு அப்புறம் தளத்தை குறிங்க.

தளத்தை எங்க குறிக்கறதுங்கறதுல எல்லாரும் தென்னை நிழலுக்கு தான் ஆசைப்படுவாங்க. போட்டோவுக்கு அழகா இருக்கும், ஆனா காஞ்ச மட்டை ஒண்ணு வுழுந்தா சோலார் பேனல் போச்சு, தேங்கா வுழுந்தா கண்ணாடி போச்சு, அடியில சேர் போட்டு உக்காந்திருக்கற ஆளு மேல வுழுந்தா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. 45 நாளைக்கு ஒருக்கா வெட்டுப் போட்டா கூட மட்டை சொல்லிட்டு வுழுகாது. அதனால ரெண்டு வரிசை தென்னைக்கு நடுவுல அகலமான எடமா பாத்து எடுங்க, இல்லைன்னா நாலஞ்சு மரம் போனாலும் பரவால்லைன்னு எடுத்துருங்க. நிழலுக்கு தளத்துக்கு மேக்கு பக்கம் புங்கனும் வேம்பும் வைங்க, பங்குனி சித்திரைல பாலக்காட்டுல 40 டிகிரி வர்றப்ப சாயங்கால வெயில்தான் வண்டிய வேக வெக்கும். காத்தையும் மறந்துராதீங்க. ஆனி ஆடியில கணவாய் வழியா வர்ற மேக்கால காத்துக்கு வண்டியோட பக்கவாட்ட காட்டுனா ராத்திரி பூரா ஆட்டும், பந்தல் துணி பிச்சுட்டு போகும், அதனால தளத்தோட நீளம் கெழக்கு மேக்கா இருக்கட்டும்.

கரண்டுல கஞ்சத்தனம் வேண்டாங்க. 16 ஆம்ப் பாயின்ட் ஒண்ணுல சுமார் 3.6 கிலோவாட் தான் எடுக்க முடியும், ஒண்ணரை டன் ஏசியும் கீசரும் இன்டக்சன் அடுப்பும் ஒண்ணா போட்டா ட்ரிப் ஆயிரும், அதனால வண்டிக்கு ஒரு 32 ஆம்ப் பாயின்ட் வைங்க, வெளிய வெக்கற நீலக்கலர் இன்டஸ்ட்ரியல் சாக்கெட்டா மூடியோட வைங்க. ஒவ்வொரு பாயின்டுக்கும் தனித்தனியா எம்சிபி (லோடு ஜாஸ்தியானா ட்ரிப் ஆகறது), தனித்தனியா 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்டு லீக் ஆனா ட்ரிப் ஆகறது), பொதுவா ஒண்ணு மட்டும் வெச்சா ஒரு வண்டில லீக் ஆனா அஞ்சு வண்டியும் இருட்டுல உக்காந்திருக்கும். எல்லாரும் ஏமாறற எடம் ஒயரு சைசு. 100 மீட்டர் தூரத்துக்கு 6 ஸ்கொயர் (6 சதுர மில்லிமீட்டர்) காப்பர் இழுத்து 32 ஆம்ப் எடுத்தா 20 வோல்ட் கிட்ட வழியிலயே போயிரும், அதே 16 ஸ்கொயர்னா ஏழரை வோல்ட்டுக்குள்ள முடிஞ்சுரும். இல்லைன்னா மெயின் போர்டை ஒரு ஓரத்துல வெக்காம அஞ்சு தளத்துக்கும் நடுவுல வைங்க, தூரம் பாதியாயிரும். கேபிளை பைப்புக்குள்ள விட்டு மண்ணுக்குள்ள போடுங்க, மேல ஒயர் இழுத்தா பழையபடி உயரப் பிரச்சனை வரும். விவசாய கனெக்சன்ல இருந்து ஒயர் எடுத்து ஓட்டிக்கலாம்னு நெனைக்காதீங்க, கேஎஸ்இபில (கேரளா கரண்டு போர்டு) கமர்சியல் கனெக்சன் தனியா வாங்கணும்.

தண்ணிக்கு 5 வண்டி, வண்டிக்கு 4 பேரு, ஆளுக்கு 100 லிட்டர்னு வெச்சா ஒரு நாளைக்கு 2000 லிட்டர், கரண்டு போனா ரெண்டு நாள் தாங்கற மாதிரி 5000 லிட்டர் டேங்க் வைங்க. புதுசா போர் போடறதா இருந்தா அனுமதி கேட்டுட்டு போடுங்க, பிளாச்சிமடை நம்ம பெருமாட்டி பஞ்சாயத்துல தான் இருக்கு, தண்ணிய உறிஞ்சுதுன்னு ஜனங்க போராடி 2004ல கோக் கம்பெனி நின்னதுல இருந்து போர்வெல் தண்ணில யாவாரம்னு சொன்னாலே ஜனங்க ஒரு தினுசா தான் பாப்பாங்க, அதுல நியாயமும் இருக்குது. எந்த போரா இருந்தாலும் ஃபுளோரைடு டெஸ்ட் பண்ணுங்க, சித்தூர் தாலுக்கால பல எடத்துல அது ஜாஸ்தி, லிட்டருக்கு ஒண்ணரை மில்லிகிராமை தாண்டுனா குடிக்கக் கூடாது, காய்ச்சுனாலும் போகாது, உண்மையில தண்ணி சுண்ட சுண்ட கூடத்தான் செய்யும். வண்டி டேங்குக்கு போர் தண்ணி, குடிக்க ஆர்ஓ தண்ணின்னு பைப்பை பிரிச்சு ரெண்டுலயும் தமிழ்லயும் மலையாளத்துலயும் எழுதிப் போடுங்க.

கழிவுதான் கடைசி, ஆனா பேரு கெடறது அதுலதான். பாத்திரம் கழுவற, குளிக்கற தண்ணிய ஒவ்வொரு தளத்துலயும் ஒரு பைப்புல புடிச்சு, கொழுப்பு நிக்க ஒரு சின்ன தொட்டி தாண்டி, கல்வாழை பாத்திக்கு விட்டு அங்கிருந்து தென்னைக்கு விட்டுரலாம். வண்டியோட கக்கூஸ் டேங்க் காலி பண்றதுக்கு தனியா ஒரே ஒரு எடம், வெளிய போற தடத்துல வைங்க, வண்டி கெளம்பறப்ப போற போக்குல நிறுத்தி காலி பண்ணிட்டு போகற மாதிரி. நடுவுல குழிஞ்ச மாதிரி காங்கிரீட் தளம், குழிவுல இருந்து செப்டிக் டேங்குக்கு 4 இன்ச் பைப்பு, காலால மிதிச்சா தொறக்கற மூடி, கழுவ ஒரு டியூப். இந்த டியூப்ல குடிதண்ணி புடிக்கற ஆளும் வருவாங்க, அதனால குடிதண்ணி பைப்பை இதுக்கு கிட்டவே வெக்காதீங்க. சில வண்டில கக்கூஸ் டேங்குல ஊத்தற கெமிக்கல் செப்டிக் டேங்க்ல இருக்கற பாக்டீரியாவ கொன்னுரும், அப்புறம் டேங்க் வேலையே செய்யாது, நாத்தம்தான் வரும், என்சைம் டைப் மட்டும் ஊத்துங்கன்னு புக்கிங்லயே சொல்லிருங்க, நீங்களே வாங்கி வெச்சு குடுத்தா இன்னும் நல்லது. உறிஞ்சு குழிக்கும் கிணத்துக்கும் ஏழரை மீட்டர் விடணும்னு விதி, நான் சொல்றது அதைய மாதிரி ரெண்டு மடங்கு விடுங்க, கிணறு பக்கத்து தோட்டத்துல இருந்தாலும் அதே கணக்குதான். டேங்க் மூடி வரைக்கும் உறிஞ்சற லாரி வர தடம் இருக்கான்னு இப்பவே பாருங்க.

கள்ளு எங்க கெடைக்கும்னு வர்றவங்க கண்டிப்பா கேப்பாங்க, அதுவும் கோயமுத்தூரு பக்கம் இருந்து வர்றவங்க. லைசென்ஸ் கடைக்கு வழி சொல்லுங்க, உங்க மரத்துலயே கள்ளு எறக்கறவரு ஏறுனாலும் பானைய நீங்க தொடாதீங்க.

எல்லாம் முடிஞ்சதும் தெரிஞ்சவங்க வண்டி ரெண்டு மூணை கொண்டாந்து நிறுத்தி, சாயங்காலம் ஏழு மணிக்கு எல்லா ஏசியும் கீசரும் ஒண்ணா போட்டு கடைசி பாயின்டுல மீட்டர் வெச்சு வோல்டேஜ் பாருங்க. 210க்கு கீழ எறங்குனா ஒயரா கேஎஸ்இபி சப்ளையான்னு பிரிச்சுக் கண்டுபுடிக்க மெயின்லயும் அதே நேரத்துல ஒருத்தர் மீட்டரோட நிக்கணும், மெயின்லயே கம்மின்னா செக்சன் ஆபீசுக்கு எழுதிக் குடுங்க, மெயின்ல சரியா இருந்து கடைசில மட்டும் கம்மின்னா ஒயரை மாத்திட்டு அப்புறம் புக்கிங்க தொறங்க.